சில்லறைக்குள் மறைந்திருக்கும் வரி

வரியை அரசுக்குச் செலுத்துபவர் ஒருவர், அதன் சுமையைத் தாங்குபவர் இன்னொருவர் என்றால் அது மறைமுக வரி. பெறுமதி சேர் வரி இதற்கு நல்ல உதாரணம். பொருளியல் பாடத்தில் இவ்வளவையும் எழுதினால் புள்ளி கிடைத்துவிடும். ஆனால், அந்தச் சுமை எந்த வழியாக எங்கள் வீட்டுக்குள் வருகிறது, வழியில் யார் யார் தோளில் இறங்கி ஏறுகிறது என்பது அந்த விடையில் இல்லை. உயர்தர வர்த்தகப் பிரிவில் கற்கும் நான், இதைத் தேடிப் பார்க்கப் புத்தகத்தோடு இன்னொன்றையும் எடுத்துக்கொண்டேன். பெல்மதுளையில் என் மாமா நடத்தும் பலசரக்குக் கடையின் கணக்குக் கொப்பிகள்தான் அது.

மாமாவிடம் முதலில் கேட்ட கேள்வி, "மாமா, நீங்க வற் கட்டுறதா?" என்பது. அவர் சிரித்தார். "எனக்கு வற் இல்ல மகள். என்ட சாமானுக்குத்தான் வற் ஈக்கி" என்றார். பல பக்கங்களில் எழுத வேண்டியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இக்கட்டுரை அதற்கான விளக்கம்தான்.

இலங்கையில் எல்லாக் கடைகளும் இவ்வரிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆண்டு விற்பனை ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் மட்டுமே உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிவு செய்து, வரியை அறவிட்டு, கணக்குக் காட்டிச் செலுத்த வேண்டும். இந்த எல்லை அடிக்கடி மாறியிருக்கிறது. 2016 இல் அது ஆண்டுக்கு 12 மில்லியன் ரூபா. 2020 ஜனவரியில் 300 மில்லியன். 2022 ஒக்டோபரில் 80 மில்லியன். 2024 ஜனவரி முதல் 60 மில்லியன், அதாவது காலாண்டுக்கு 15 மில்லியன். மில்லியன் என்றதும் பெரிய தொகையாகத் தோன்றும். 60 மில்லியனை 365 ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,64,000 ரூபா வருகிறது. இது இலாபமல்ல, விற்பனை. அரிசி மூடையும் சீனி மூடையும் விற்கும் கடைக்கு விற்பனைத் தொகை பெரிதாகவும் இலாபம் மிகச் சிறிதாகவும் இருக்கும். ஆனாலும் எங்கள் மாமாவின் கடை அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கிறது. சந்தியைச் சுற்றியுள்ள தேத்தண்ணிக் கடைகளும் புடைவைக் கடைகளும் தோட்டத்துப் பக்கத்துப் பெட்டிக் கடைகளும் அப்படித்தான் இருக்கும்.

ஆகவே சிறு கடைகளுக்கு வரி இல்லை, அவை தப்பித்துக்கொண்டன என்று பலர் நினைக்கிறார்கள். இது எவ்வளவு தூரம் உண்மை என்று ஒரு சவர்க்காரக் கட்டியை வைத்துப் பார்ப்போம். இலக்கங்கள் விளங்கிக்கொள்வதற்காக நான் எடுத்தவை.

தொழிற்சாலை ஒரு கட்டியை 100 ரூபாவுக்கு விற்கிறது. அதன்மேல் 18 ரூபா வரி. மொத்த வியாபாரி 118 ரூபா கொடுத்து வாங்குகிறார். அவர் பதிவு செய்தவர். தமது இலாபமாக 10 ரூபா சேர்த்து 110 ஆக்கி, அதற்கு 18 வீத வரியான 19 ரூபா 80 சதத்தையும் கூட்டி 129 ரூபா 80 சதத்துக்கு விற்கிறார். தாம் ஏற்கெனவே கொடுத்த 18 ரூபாவைக் கழித்துக்கொண்டு மீதி 1 ரூபா 80 சதத்தை மட்டும் அரசுக்குக் கட்டுகிறார். இப்படிக் கழித்துக்கொள்ளும் உரிமையை உள்ளீட்டு வரி மீளப் பெறல் என்பார்கள். ஒவ்வொருவரும் தாம் சேர்த்த பெறுமதிக்கு மட்டும் வரி கட்டுவதால்தான் இதற்குப் பெறுமதி சேர் வரி என்று பெயர்.

இப்போது கட்டி மாமாவின் கடைக்கு வருகிறது. அவர் 129 ரூபா 80 சதம் கொடுத்து வாங்குகிறார். பதிவு செய்யாதவர் என்பதால் அதற்குள் இருக்கும் 19 ரூபா 80 சதத்தை யாரிடமும் திருப்பிக் கேட்க முடியாது. அது அவருக்குச் சரக்கின் விலை. அவரும் 10 ரூபா வைத்து 139 ரூபா 80 சதத்துக்கு விற்கிறார். அவர் பதிவு செய்தவராக இருந்திருந்தால் விலை என்னவாகியிருக்கும்? வரி நீங்கிய கொள்விலை 110, இலாபம் 10, வரி 21 ரூபா 60 சதம், மொத்தம் 141 ரூபா 60 சதம். வித்தியாசம் 1 ரூபா 80 சதம்.

சிறு கடை வரிக்கு வெளியே நிற்கிறது என்று சொல்லப்படும் சலுகையின் முழுப் பெறுமதியும் இவ்வளவுதான். மீதி 19 ரூபா 80 சதத்தை, பற்றுச்சீட்டே தராத கடையில் வாங்கியவரும் கொடுத்துவிட்டார். பெரிய விற்பனை நிலையத்தின் பற்றுச்சீட்டில் வரி அச்சாகி வருவதால் அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. மாமாவின் கடையில் தெரிவதில்லை. தெரியாததை இல்லாதது என்று எடுத்துக்கொள்கிறோம்.

இதேபோல இன்னொரு சொல்லும் எம்மைக் குழப்புகிறது. அரிசி, பாண், மரக்கறி, பழம், மருந்து, மின்சாரம், பஸ் பயணம் முதலானவற்றுக்கு வரி விலக்களிப்பு உண்டு. நல்ல விடயம். ஆனால் விலக்களிப்பு வேறு, பூச்சிய வீதம் வேறு. ஏற்றுமதிப் பொருளுக்குப் பூச்சிய வீதம். அதாவது வரி வீதம் பூச்சியம், ஆனால் ஏற்றுமதியாளர் தாம் கொடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிப் பெறலாம். விலக்களிக்கப்பட்ட பொருளைச் செய்பவருக்கு அந்த உரிமை இல்லை. பேக்கரிக்காரர் பாணுக்கு வரி அறவிடுவதில்லை. ஆனால் அவருடைய அடுப்பின் எரிவாயுவுக்கும், பாணை ஏற்றிப்போகும் முச்சக்கரவண்டியின் எரிபொருளுக்கும், பாண் சுற்றும் பைக்கும் அவர் வரி கொடுக்கிறார். அதை எங்கிருந்து எடுப்பார்? பாணின் விலையிலிருந்துதான். ஆகவே பாணுக்குள்ளும் கொஞ்சம் வரி வெந்திருக்கிறது. அது 18 வீதமல்ல, அதைவிடக் குறைவு. எவ்வளவு என்று பேக்கரிக்காரருக்கே சரியாகத் தெரியாது.

இவ்வரியின் வரலாறும் எம்முடைய வயதோடு சேர்ந்தே ஓடுகிறது. 1998 ஏப்ரல் 1 இல் பொருட்கள் சேவைகள் வரி என்ற பெயரில் 12.5 வீதமாக வந்தது. 2002 ஓகஸ்ட் 1 முதல் பெறுமதி சேர் வரியானது. 2015 இல் 11 வீதம். 2016 மே மாதம் அதை 15 வீதமாக உயர்த்தியபோது நாட்டின் பல இடங்களில் வியாபாரிகள் எதிர்ப்புக் காட்டினார்கள். அப்போதைய பதிவு எல்லையான 12 மில்லியனை நாளொன்றுக்கு வகுத்தால் 33,000 ரூபா கூட வராது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கோபத்தின் காரணம் விளங்கும். பாராளுமன்றத்தில் சட்டம் நிறைவேறாமலே வரி அறவிடப்படுகிறது என்று வழக்குப் போய், 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. பின்னர் முறைப்படி சட்டம் நிறைவேறி நவம்பர் 1 இல் 15 வீதம் வந்தது. 2019 டிசம்பரில் ஒரேயடியாக 8 வீதமாகக் குறைந்தது. 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரி 1 இல் 18 வீதம். ஏறக்குறைய நான்கே ஆண்டுகளில் 15 இலிருந்து 8 க்கு இறங்கி 18 க்கு ஏறிய வரியை வைத்துக்கொண்டு ஒரு சிறு வியாபாரி எப்படித் திட்டமிடுவது? இந்தக் கேள்வியைப் பாடநூல் கேட்பதில்லை.

2024 ஜனவரியில் "எல்லாம் 18 வீதம் கூடிவிட்டது" என்று ஊரில் பேச்சு. அது சரியல்ல. ஏற்கெனவே 15 வீத வரி இருந்த பொருள் 115 ரூபாவிலிருந்து 118 ரூபாவாகிறது. அந்த உயர்வு 2.6 வீதம்தான். ஆனால் அதுவரை வரியே இல்லாதிருந்து அன்றுதான் வரிக்குள் வந்த பொருள்களின் கதை வேறு. சமையல் எரிவாயு, பெற்றோல், டீசல், கைத்தொலைபேசி ஆகியவை அந்த வகை. 12.5 கிலோ லிற்றோ எரிவாயுச் சிலிண்டர் அன்று ஒரே நாளில் 685 ரூபா கூடி 4,250 ரூபாவானது. டீசலில் 7.5 வீதத் துறைமுக, விமான நிலைய அறவீடு நீக்கப்பட்டதால் முழு 18 வீதமும் ஏறவில்லை. அப்படியும் லீற்றருக்கு 29 ரூபா கூடி 358 ரூபாவானது. கொழும்பு புறக்கோட்டையிலிருந்து இரத்தினபுரி தாண்டிப் பெல்மதுளை வரும் லொறி ஏறக்குறைய 120 கிலோமீற்றர் ஓடுகிறது. அரிசிக்கு வரி இல்லை என்றாலும் அரிசியைச் சுமந்து வந்த லொறிக்கு உண்டு.

கணக்கில் 2.6 வீதம் என்பது, கடையில் 2.6 வீதமாக இருப்பதில்லை. இங்கேதான் சில்லறை என்ற சொல்லின் இரண்டு பொருளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. 1,150 ரூபாப் பொருளை 1,180 ரூபாவுக்கு விற்கலாம். 20 ரூபா சம்பூ பக்கற்றை என்ன செய்வது? கணக்குப்படி அது 20 ரூபா 52 சதம். ஐம்பத்திரண்டு சதத்தை யார் கொடுப்பார், யார் எடுப்பார்? கம்பனிக்கு இருப்பது இரண்டு வழி. ஒன்றில் பக்கற்றின் நிறையைக் குறைக்கும், அல்லது விலையை 25 ரூபாவாக்கும். 25 ரூபா என்றால் உயர்வு 25 வீதம். வரி கூடியது 2.6, வாங்குபவருக்குக் கூடியது 25. பெரிய போத்தல் வாங்குபவர் இந்தச் சிக்கலில் மாட்டுவதில்லை. மாத இறுதியில் கையில் காசில்லாமல் பக்கற் பக்கற்றாக வாங்குபவர்தான் மாட்டுகிறார்.

அப்படி வாங்குபவர்கள் யார் என்று மாமாவின் கடையில் ஒரு பின்னேரம் நின்றாலே தெரியும். மலையிலிருந்து இறங்கிவரும் ஒரு தோட்டத்து அக்கா, "என்னாங்க மொதலாளி, போன மாசம் இருவதுதானே?" என்று கேட்டுக்கொண்டே ஒன்றை எடுத்து, இன்னொன்றைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். அவருடைய கேள்விக்கு மாமாவிடம் இருந்த பதில், பக்கற்றில் அச்சிட்டிருந்த விலையைக் காட்டுவது மட்டுமே. வரியை ஏற்றியவர் கொழும்பில். பதில் சொல்ல நிற்பவர் பெல்மதுளையில்.

கடைக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. மாதம் பத்துச் சிலிண்டர் முடியும் என்றார் அதன் உரிமையாளர். சிலிண்டருக்கு 685 ரூபா என்றால் மாதம் 6,850 ரூபா மேலதிகச் செலவு. அவர் ஒரு நாளைக்கு 300 கோப்பை தேநீர் விற்கிறார் என்று வைத்து, முழுச் சுமையையும் தேநீரின் மேலேயே போட்டாலும் ஒரு கோப்பைக்கு 76 சதம்தான் வரும். 76 சதம் கூட்ட முடியாது. பத்து ரூபா கூட்டினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். அவர் தேநீரைத் தொடவில்லை. ரொட்டி சிறிதாகியது. இதை எந்த விலைச் சுட்டெண்ணும் பிடிக்குமா என்பது சந்தேகம். பிறகு சிலிண்டர் விலை படிப்படியாக இறங்கி 2024 ஜூலையில் 3,690 ரூபாவுக்கு வந்தது. ரொட்டி பழைய அளவுக்குத் திரும்பவில்லை. கேட்டபோது, "அதுக்குள்ள மத்ததெல்லாம் கூடிட்டுதே" என்றார். அதுவும் பொய்யல்ல.

வரி ஏறும்போது விலை ஓடி ஏறுகிறது, இறங்கும்போது விலை நின்று யோசிக்கிறது. இதற்கு எம் நாட்டில் நடந்த தெளிவான உதாரணம் சீனி. சீனிக்கு அப்போது பெறுமதி சேர் வரியல்ல, கிலோவுக்கு இத்தனை ரூபா என்று விதிக்கப்படும் விசேட வியாபாரப் பண்ட அறவீடு. அமைச்சர் வர்த்தமானி மூலம் ஓர் இரவில் அதை மாற்றலாம். நோன்பு காலத்தில் பேரீச்சம்பழத்துக்கு இது குறைக்கப்பட்ட ஆண்டுகள் உண்டு. 2020 ஒக்டோபரில் வெள்ளைச் சீனிக்கான அறவீடு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக்கப்பட்டது. கிலோவுக்கு ஏறக்குறைய 50 ரூபா குறைந்திருக்க வேண்டும். அந்தச் சலுகை மக்களிடம் வந்து சேரவில்லை என்பது பாராளுமன்றம் வரை போன பெரும் பிரச்சினையானது. 2023 நவம்பர் 2 இல் மீண்டும் 25 சதம் 50 ரூபாவாக்கப்பட்டது. இம்முறை தாமதமே இல்லை. களஞ்சியத்தில் 25 சத வரியில் இறங்கிய சீனியே விலை ஏறியது. உடனே அரசு, பொதி செய்யாத வெள்ளைச் சீனிக்கு 275 ரூபா, பொதி செய்ததற்கு 295 ரூபா என்று உச்ச சில்லறை விலை விதித்தது. நல்ல நோக்கம். ஆனால் சட்டம் பிடிப்பது கடைசியாக விற்பவரின் தராசை. மேலே என்ன விலைக்குக் கொடுத்தார்கள் என்பதைச் சிறு கடைக்காரர் எதை வைத்து நிரூபிப்பார்? மொத்தக் கடையில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு துண்டுக் கடதாசி.

வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஒரு பொருளின் விலைக்குள் எவ்வளவு வரி இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பலர் அந்த விலையில் 18 வீதம் எடுக்கிறார்கள். அது பிழை. வரி சேர்த்த விலை 118 என்றால் வரி 18. ஆகவே கொடுத்த தொகையை 18 ஆல் பெருக்கி 118 ஆல் வகுக்க வேண்டும். 1,000 ரூபாவுக்கு 152 ரூபா 54 சதம். இதைத் தங்கைமார் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக்கப்பட்டது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, வருகைக்காக 200 ரூபாவும் சேர்த்து 1,750 ரூபாவாக்கும் முன்மொழிவு வந்தது. நான் 1,350 ஐ வைத்தே கணக்கிடுகிறேன். மாதத்தில் 20 நாள் வேலை கிடைத்தால் 27,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் போனால் கையில் 24,840 ரூபா. அதில் 10,000 ரூபா வரியுள்ள பொருட்களுக்குப் போகிறது என்று கொள்வோம். சவர்க்காரம், பற்பசை, பிஸ்கற், எரிவாயு, செருப்பு, பிள்ளையின் பாடசாலைப் பை, தொலைபேசிக் கட்டணம். அதற்குள் இருக்கும் வரி 1,525 ரூபா. ஒரு நாட்சம்பளத்தைவிட அதிகம். மாதத்தில் ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறித்ததும் போதாமல், அடுத்த நாள் காலையிலும் கொஞ்ச நேரம் இந்த ஒரு வரிக்காகப் பறிக்க வேண்டும். கையில் வந்த பணத்தில் அது 6.1 வீதம்.

மாதம் 2,50,000 ரூபா வருமானமுள்ள ஒரு குடும்பம் வரியுள்ள பொருட்களுக்கு 60,000 ரூபா செலவழிக்கிறது என்று வைத்தால், வரி 9,153 ரூபா. தொகை ஆறு மடங்கு. ஆனால் வருமானத்தில் 3.7 வீதம்தான், ஏனென்றால் மிச்சம் பிடிக்கும் பணத்துக்கு இவ்வரி இல்லை. குறைந்த வருமானமுள்ளவரிடமிருந்து கூடிய விகிதத்தை எடுக்கும் வரியைத் தேய்வு வரி என்று படித்தோமே, அது இதுதான். மாத முடிவில் மிச்சம் பிடிக்க எதுவுமில்லாத வீட்டில் அது அதிகமாகத் தெரிகிறது.

இந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவில்தான் மாமாவின் கடன் கொப்பி இருக்கிறது. தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதி. அதுவரை சாமான் கடனுக்குப் போகும். ஆனால் மாமா மொத்தக் கடையில் சரக்கை எடுக்கும்போதே வரியையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். வரி 8 வீதமாக இருந்தபோது 1,08,000 ரூபாவுக்கு எடுத்த அதே சரக்குக்கு, அடிப்படை விலை மாறாவிட்டாலும், இன்று 1,18,000 ரூபா வேண்டும். அந்த மேலதிகப் பத்தாயிரத்தையும் அவர்தான் பத்தாம் திகதி வரை தாங்குகிறார். சிலர் அடுத்த பத்தாம் திகதிக்கும் தள்ளுவார்கள். வட்டியில்லாமல் இப்படிக் கடன் தாங்குவதை எந்த அரசுக் கணக்கும் எழுதாது. சில பலசரக்குக் கடைகள் இப்போது கடன் கொப்பியை மூடிவிட்டன. அந்தக் கடைகளின் வாடிக்கையாளர்கள் மாமாவிடம் வருகிறார்கள். அது வியாபாரத்துக்கு நல்லதா கெட்டதா என்று அவருக்கே தெரியவில்லை.

பதிவு செய்யாத கடை இன்னொன்றையும் இழக்கிறது. முன்பு ஒரு தோட்டத் தொழிற்சாலைக்குக் கயிறு, படங்கு, விளக்குமாறு போன்றவற்றை மாமா கொடுத்து வந்தார். பிறகு அவர்கள் வரிப் பட்டியல் கேட்டார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. பதிவு செய்த நிறுவனம், பதிவு செய்த கடையில் வாங்கினால் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். மாமாவிடம் வாங்கினால் கழிக்க முடியாது. ஒரே விலைக்குக் கொடுத்தாலும் அவர்களுக்கு மாமாவின் கயிறு விலை கூடியது. அந்த வாடிக்கை போய்விட்டது.

இவ்வரி கொழும்புக்குப் போகிறது. சப்ரகமுவையில் வாங்கும் பொருளுக்குச் சப்ரகமுவைக்கே வரி போன காலமும் இருந்தது. 1987 இன் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மொத்த, சில்லறை விற்பனை மீதான புரள்வு வரியை மாகாண சபைகளுக்குக் கொடுத்தது. அது விற்பனைத் தொகை முழுவதன் மேலும் விழும் வரி. உள்ளீட்டைக் கழிக்க வழியில்லாததால் ஒவ்வொரு கை மாறும்போதும் வரிமேல் வரி ஏறும். பொருளியல் நோக்கில் பெறுமதி சேர் வரியைவிட மோசமானது. ஆனால் பணம் மாகாணத்திலேயே தங்கியது. 2011 ஜனவரியில் அது நீக்கப்பட்டு, அதற்கு ஈடாக மத்திய அரசு அறவிட்ட தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு மாகாணங்களுக்கு என்று ஏற்பாடானது. 2019 டிசம்பரில் அந்த வரியும் ஒழிக்கப்பட்டது. 2022 ஒக்டோபரில் வந்த 2.5 வீதச் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி, கழிக்க முடியாத பழைய புரள்வு வரியின் குணத்தோடு திரும்பி வந்திருக்கிறது. அது சேர்ந்த விலையின் மேல்தான் 18 வீதமும் கணக்கிடப்படுகிறது.

அமெரிக்காவில் விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் மாறும். ஒறிகன் மாநிலத்தில் அது இல்லவே இல்லை. ஆற்றுக்கு அப்பால் வொஷிங்டன் மாநிலத்தில் இருப்பவர்கள் பாலத்தைத் தாண்டிவந்து வாங்கிப்போவார்களாம். எல்லையோரக் கடைக்காரருக்கு அது பெரிய தலைவலி. எமக்கு அந்தத் தலைவலி இல்லை. பலாங்கொடைக்குப் போனாலும் எம்பிலிப்பிட்டிக்குப் போனாலும் அதே 18 வீதம்தான்.

அரசுக்கு வரி வேண்டாம் என்று நான் எழுதவில்லை. எனது பாடநூல் இலவசமாக வந்தது. உம்மும்மாவுக்கு இரத்தினபுரி வைத்தியசாலையில் கிடைக்கும் மருந்தும் இலவசம். வரி என்றதும் புறநானூற்று யானையைக் கூட்டி வருவது வழக்கம். நான் அதைவிட்டு, 1332 இல் துனிசில் பிறந்த இப்னு கல்தூனைக் கேட்கிறேன். அரசின் தொடக்கத்தில் வரி வீதம் குறைவாகவும் வருமானம் பெரிதாகவும் இருக்கும், அரசு முதுமையடையும்போது வீதம் பெரிதாகி வருமானம் சிறுத்துவிடும் என்ற கருத்தை அவர் 'முகத்திமா'வில் விளக்கினார். மக்களின் உழைக்கும் ஆர்வத்தை வரி கெடுக்கக்கூடாது என்பது அதன் உட்கருத்து. ஆனால் வீதத்தைக் குறைத்தாலே வருமானம் பெருகிவிடும் என்று இதைச் சூத்திரமாக்கவும் முடியாது. 2019 டிசம்பரில் எம் நாடு வீதத்தைப் பாதியளவாக்கியது, அடுத்த மாதம் பதிவு எல்லையையும் 25 மடங்காக்கியது. அடுத்து கொரோனாவும் வந்தது. 2022 இல் நாட்டின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 வீதத்துக்கும் கீழே இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தோம். எரிவாயு வரிசையிலும் மண்ணெண்ணெய் வரிசையிலும் நின்றவர்களுக்கு அந்தக் குறைந்த வரி என்ன தந்தது என்பது தெரியும்.

ஆகவே என் குறை வரியின் மீதல்ல, அது மறைந்திருப்பதன் மீது. பாண் வாங்குபவரும் சம்பூ பக்கற் வாங்குபவரும் வரி செலுத்துபவர்கள் என்று எங்கும் எழுதப்படுவதில்லை. நேரடி வரி கட்டுபவர் மட்டும்தான் "வரி செலுத்துபவர்" என்று அழைக்கப்படுகிறார். கடன் கொப்பியில் பெயருள்ள தோட்டத்து அக்காவும் மாதம் ஒரு நாட்சம்பளத்துக்கு மேல் கட்டுகிறார்.

2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், பதிவு எல்லையை 60 மில்லியனிலிருந்து 36 மில்லியனாக, 2026 ஏப்ரல் முதல் குறைக்க முன்மொழிந்தது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 98,600 ரூபா. மாமாவின் கடையில் சாதாரண நாளில் அவ்வளவு வருவதில்லை. சம்பள வாரத்திலும் பெருநாளைக்கு முந்திய நாட்களிலும் அதைத் தாண்டும். சராசரி எங்கே நிற்கிறது என்று அவருக்கே தெரியாது, ஏனென்றால் இதுவரை கூட்டிப் பார்க்க வேண்டிய தேவை வரவில்லை. பதிவு செய்தால் பற்றுச்சீட்டு இயந்திரம், காலாண்டு விவரத்திரட்டு, கணக்காளருக்குக் கட்டணம். மறுபக்கத்தில் தொழிற்சாலையின் கயிறு வாடிக்கை திரும்பி வரலாம், கொடுக்கும் வரியையும் கழிக்கலாம். 1 ரூபா 80 சத வித்தியாசத்தை வாடிக்கையாளர் பொறுப்பாரா என்பது வேறு விடயம்.

"நீதான் கொமர்ஸ் படிக்கிறே, கூட்டிச் செல்லு" என்று மூன்று மாதக் கொப்பிகளை என்னிடம் தந்திருக்கிறார். காலாண்டுக்கு 9 மில்லியன் என்பதுதான் கோடு. முதல் மாதம் 26 இலட்சத்து எண்பதாயிரம் வந்திருக்கிறது. இரண்டாம் மாதத்துக் கொப்பியில் பாதிப் பக்கங்களில் எண்ணெய் பட்டு இலக்கங்கள் மங்கியிருப்பதால், அதை அவரோடு உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும்.